பாதை வந்த பாதை – 14: வில்வண்டியும் தகர வில்லையும்

1896 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பையனிடம் அண்ணன் தன் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். பெட்டியில் ஐந்து ரூபாய் இருந்தது. பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயோடு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டு ரயிலேறினான். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. கையில் நின்றது மூன்றணா. விழுப்புரத்தில் இறங்கி, இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. கீழூரில் காதுக் கடுக்கனைக் கொடுத்து நான்கு ரூபாய் வாங்கி, திருக்கோவிலூரில் மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1-ஆம் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கினான். ரமண மகரிஷி ஊருக்கு வந்து சேர்ந்த இந்தக் கதையைச் சென்ற வாரம் ரயிலடியோடு நிறுத்தியிருந்தேன்.

அதையே மறுபடி எடுக்கக் காரணம் அந்த மூன்று ரூபாய். படிப்புக் கணக்கில் இருந்த பணம் பயணக் கணக்குக்குப் போயிற்று. ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வரவு செலவை மட்டும் பார்த்தால், திருவண்ணாமலையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் கிடைத்த எல்லாமே ஏறக்குறைய இந்த வழியில் கிடைத்தவைதான். ‘நடைபாதை’ என்றோ ‘சைக்கிள் தடம்’ என்றோ தலைப்புப் போட்டு இந்த ஊருக்குப் பணம் வந்தது அரிது. வேறு ஏதோ தலைப்பில் வந்த பணத்தில் கொஞ்சம் காலடிக்கும் சிந்தியது. அப்படிச் சிந்தியதின் கணக்கு இந்த வாரம்.

முதல் தலைப்பு புண்ணியம். மலையைச் சுற்றும் கிரிவல வழியில் மண்டபங்களும் குளங்களும் எப்படி வந்தன என்று நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு புண்ணியவான் இருந்தார். தண்ணீர்ப்பந்தல் வைத்தவர், சத்திரம் கட்டியவர், லிங்கத்துக்கு விளக்கெரிக்க நிலம் எழுதி வைத்தவர். பதினான்கு கிலோமீட்டர் நடப்பவனுக்கு வேண்டியவை நிழல், தண்ணீர், உட்கார ஒரு திண்ணை, இருட்டில் ஒரு விளக்கு. இந்த நான்கையும் எந்த நகரசபையும் இல்லாத காலத்தில் தர்மக் கணக்கே கொடுத்தது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கட்டுவதற்குப் பணம் வரும், கட்டியதைப் பெருக்குவதற்கு வராது. மண்டபத்தில் பெயர் பொறிக்கலாம், விளக்குமாற்றில் பொறிக்க முடியாது. பௌர்ணமியன்று அன்னதானம் செய்ய ஆள் வரிசையில் நிற்கிறார்கள். மறுநாள் காலையில் பாதை நெடுகக் கிடக்கும் பாக்குமட்டைத் தட்டையும் காகிதக் குவளையையும் அள்ளும் கூலிக்கு உபயதாரர் யாரும் இல்லை. அது துப்புரவுப் பணியாளர் தலையில்தான்.

இரண்டாவது தலைப்பு சுங்கம். திருவண்ணாமலை நகரசபை 1886-ல் வந்தது. 1884-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. ஊர் எல்லைக்குள் நுழையும் வண்டிக்கும் மாட்டுக்கும் சுங்கம் வாங்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போது இந்த ஊர் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. செங்கம் கணவாய் வழியாகச் சேலம், பாராமகால் பக்கத்திலிருந்து இறங்கும் பார வண்டிகள் கிழக்குச் சமவெளிக்குப் போக இந்த ஊரைத்தான் தொட்டாக வேண்டும். கார்த்திகைத் தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை வேறு. அந்தக் காலத்தில் சுங்கச்சாவடிக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

சாலைக்கான செலவை அந்தச் சாலையில் உருளும் சக்கரமே தர வேண்டும் என்பதுதான் இதன் பின்னால் இருந்த எண்ணம். ஆனால் எது வண்டி? இதற்கு 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் கொடுத்த விளக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும். சக்கர வாகனங்களை அது இரண்டு சாதியாகப் பிரித்தது. வில் உள்ளது, வில் இல்லாதது. வில்லோ வில் போல வேலை செய்யும் வேறு அமைப்போ இருந்தால் அது ஒரு வகை. இல்லாவிட்டால் வெறும் வண்டி. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு பக்கம் வில்வண்டி, மறுபக்கம் கட்டை வண்டி. பண்ணையார் ஏறுவது ஒன்று, நெல் மூட்டை ஏறுவது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வரி. இதில் சைக்கிள் எங்கே? முதல் வகையில். சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள், ரிக்‌ஷா, பல்லக்கு எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. மோட்டார் வாகனம் மட்டும் விலக்கு. பல்லக்கில் போன ஜமீன்தாரும் பெடல் மிதித்த தபால்காரரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. சீட்டுக்கு அடியில் இரண்டு கம்பிச்சுருள் இருந்ததற்காக சைக்கிள்காரர் சொகுசு வண்டிக்காரர் ஆகிவிட்டார்.

அந்த வரியின் அடையாளம்தான் வில்லை. தகரத்திலோ பித்தளையிலோ செய்த சிறு தகடு. ஊர்ப் பெயரும் ஆண்டும் எண்ணும் பொறித்தது. பணத்தைக் கட்டி வாங்கி சைக்கிளில் கண்ணில் படும் இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஊர் எதுவானாலும் கதை ஒன்றுதான். வில்லை சோதிக்கும் ஆள் எந்த முக்கில் நிற்கிறான் என்ற செய்தி அவனுக்கு முன்னால் தெருவைச் சுற்றிவிடும். எதிரே வருகிறவர் கையைக் காட்டுவார். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், அல்லது ஒரு சந்தில் திரும்பிவிடுவார். மாட்டிக்கொண்டால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் தனிக் கேஸ், அது போலீஸ் பாடு. மண்ணெண்ணெய் விளக்கைச் சைக்கிள் முன்னால் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் தலை தெரிந்ததும் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடியவர்களின் தலைமுறை ஒன்று இருந்தது.

வில்லைப் பணம் எங்கே போயிற்று என்பதில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. அது நகரசபையின் பொது நிதியில் கலந்தது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி, குமாஸ்தா சம்பளம் எல்லாம் அந்த ஒரே குடத்திலிருந்துதான். சைக்கிள்காரர் கொடுத்ததற்குச் சைக்கிள்காரருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க வழியில்லை. மறுபக்கம் 1931-ல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. மோட்டார் வண்டிகளிடம் ஊருக்கு ஊர் சுங்கம் வாங்குவது ஒழிந்தது. வரி மாகாண அரசுக்கு, உள்ளூர் சபைகளுக்கு நஷ்ட ஈடு என்று ஏற்பாடு. வண்டிக்காரர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று முதல் பெரிய சக்கரத்தின் பணம் மாகாணத் தலைநகரில் சேர ஆரம்பித்தது, சின்னச் சக்கரத்தின் பணம் ஊரிலேயே சில்லறையாகக் கரைந்தது. பணம் எங்கே குவிகிறதோ அங்கேதான் இன்ஜினீயரும் இருப்பார், வரைபடமும் இருக்கும். நம் சாலைகள் மோட்டார் கண்ணால் வரையப்பட்டதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நான் இந்தக் கஜானாப் பிரிவினையைத்தான் முதலில் சொல்வேன்.

வெளிநாட்டிலும் சைக்கிளுக்கு வில்லை மாட்டினார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1899-ல் ஒரு சட்டம் செய்தது. சைக்கிள்காரர்கள் ஆண்டுக்கொரு முறை கட்டணம் கட்டி வில்லை வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் மாவட்டம்தோறும் சாலையோரமாக சைக்கிளுக்கென்று தடம் போட வேண்டும். வாங்கியது எதற்கோ அதற்கே செலவு. சில ஆண்டுகளில் மோட்டார் வந்தது, சைக்கிள் மோகம் அடங்கியது, வில்லை விற்பது நின்றது, தடங்களும் புல் மூடிப் போயின. ஒரே கூட்டத்தின் சந்தாவை நம்பிக் கட்டியது அந்தக் கூட்டம் கலைந்ததும் அநாதையாயிற்று.

நெதர்லாந்து 1924-ல் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 3 கில்டர் வரி போட்டது, பித்தளை வில்லையோடு. வேலையில்லாத ஏழைக்கு வில்லை இலவசம். ஆனால் நடுவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்று நிபந்தனையும் வைத்தார்கள். ஏழை உல்லாசமாகச் சுற்றக் கூடாதாம். சைக்கிள்காரர்களின் பணம் சில ஆண்டுகளில் சாலை நிதிக்குப் போய், நெடுஞ்சாலைகள் போட உதவியது. பக்கத்தில் சைக்கிள் தடங்களும் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1941-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, அந்த வரி ஒழிந்தது. இன்று சைக்கிள் சொர்க்கம் என்று நாம் வாய்பிளந்து பார்க்கும் நாட்டின் சைக்கிள்காரர்கள் ஒரு காலத்தில் கார்ச் சாலைக்கு மொய் எழுதியிருக்கிறார்கள்.

திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். வில்லை வரி வாங்கிய நகரசபை சைக்கிளுக்கு ஒன்றும் செய்யாத காலத்தில் அதைச் செய்தது வாடகை சைக்கிள் கடை. இப்போது பெரிய நகரங்களில் செல்போனில் பூட்டைத் திறந்து எடுக்கும் சைக்கிளைப் புதுமை என்கிறார்கள். அந்த ஏற்பாடு தேரடி வீதிக்கும் சின்னக்கடைத் தெருவுக்கும் தெரியாததா? மட்கார்டில் வெள்ளை பெயின்டில் கடைப் பெயரும் நம்பரும். மேஜையில் நீள நோட்டு, எடுத்த மணி, விட்ட மணி. தெரிந்த முகம் என்றால் ஜாமீன் வேண்டாம், தெரியாத முகம் என்றால் தெரிந்தவரைக் கூட்டி வா. பஞ்சர் ஒட்டவும் காற்றடிக்கவும் அங்கேயே ஆள். அரசுக்குக் காலணா செலவில்லை. சொந்தமாக சைக்கிள் வாங்க வக்கில்லாத ஒரு தலைமுறை, குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த அரை மணி வாடகையில்தான். மொபெட் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றி மட்டும், மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவரை நம்பி அந்தத் தொழில் இன்னும் மூச்சு விடுகிறது.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்காக அரசுப் பணம் பெரிய அளவில் அசைந்த இரண்டு தருணங்களிலும் பணம் போக்குவரத்துக் கணக்கில் வரவில்லை. முதலாவது புதுக்கோட்டை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கும்படி ஏற்பாடானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்தைச் சுற்றி வந்து எழுதியதால் உலகத்துக்கும் தெரிந்தது. சாலை ஒரு அடிகூட அகலமாகவில்லை. எழுத்தறிவுத் திட்டமும் வங்கிக் கடனும் சேர்ந்து ஒரு மாவட்டத்தின் பெண்களைச் சக்கரத்தில் ஏற்றின. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் மிச்சப்படுத்தினாள்.

இரண்டாவது விலையில்லா சைக்கிள். 2001-02-ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் நிற்காத திட்டங்களில் இது ஒன்று. 2022-ல் மட்டும் சுமார் 6 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு 323 கோடி ரூபாயில் சைக்கிள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஐயாயிரம் சொச்சம். வருடா வருடம் இவ்வளவு சைக்கிளைச் சாலையில் இறக்கும் அரசு, அவை ஓட ஏன் ஒரு தடம் போடவில்லை என்று கேட்டால், அது பள்ளிக்கல்வி, இது நெடுஞ்சாலை, வேறு வேறு மானியக் கோரிக்கை என்பார்கள். குதிரையைக் கொடுத்தவர் ஒரு துறை, லாயம் கட்ட வேண்டியவர் இன்னொரு துறை, இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

நிலைமை இப்படி இருக்க, திருவண்ணாமலையின் கஜானாவைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ஊர் மக்கள் 1,45,278 பேர். வீட்டுவரி கட்டுவது இவர்கள். பாதையில் நடப்பது பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் லட்சக்கணக்கான வெளியூர்க்காரர்கள். வருகிறவர்களிடமிருந்து வாங்க வழியே யோசிக்காமல் இல்லை. 1956-ல் மத்திய அரசு, யாத்திரைத் தலங்களுக்கு ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டோடு ஒரு சிறு வரி சேர்த்து வாங்கச் சட்டமே செய்தது. யோசனை நல்லதுதான். ஆனால் ரயிலை விட்டு பஸ்ஸும் வேனும் ஏறி வரும் இன்றைய கூட்டத்தை அந்த வலை பிடிக்காது. வீட்டுவரியைக் கூட்டலாமே என்றால், 2022-ல் அரசு அதைக் கூட்டியபோது மாநிலம் முழுக்கக் கிளம்பிய புகைச்சல் நினைவிருக்கும். வெளியூர்க்காரர் நடக்க உள்ளூர்க்காரர் ஏன் கட்ட வேண்டும் என்று இந்த ஊரில் ஒருவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

மேலிருந்து வந்த திட்டங்களும் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டே போயின. 2015-ல் பாரம்பரிய நகரங்களுக்கென்று மத்திய அரசு ஹிருதய் திட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இடம்பெற்றன. யாத்திரைத் தலங்களுக்கான பிரசாத் திட்டத்திலும் முதலில் அதே இரண்டு ஊர்கள். ஸ்மார்ட் சிட்டி பதினொன்றிலும் திருவண்ணாமலை இல்லை, பக்கத்து வேலூர் இருந்தது. கிடைத்தது அம்ருத். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர்களுக்கானது அது. அதன் பட்டியலில் குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், பூங்கா இவற்றோடு மோட்டார் இல்லாப் போக்குவரத்தும் உண்டு. நடப்பவரும் சைக்கிள்காரரும் மத்திய அரசின் பட்டியலில் பெயரோடு வந்த அபூர்வமான இடம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத ஊரில் எந்தக் கவுன்சிலர் சைக்கிள் தடத்துக்குக் கை தூக்குவார்? நானாக இருந்தாலும் தண்ணீருக்குத்தான் தூக்குவேன்.

இதற்கு ஒரு மாற்று வழி சென்னையில் தோன்றியது. 2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, தன் போக்குவரத்துச் செலவில் அறுபது சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது என்று கொள்கை முடிவு எடுத்தது. புதுப் பணம் ஒன்றும் கேட்கவில்லை, இருக்கும் பணத்தின் தலைப்பை மாற்றியது, அவ்வளவுதான். பல சாலைகளில் நடைபாதை அகலமானது உண்மை. அதில் நடப்பவரைவிட பைக் நிறுத்துகிறவர் அதிகம் என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. திருவண்ணாமலை இதை அப்படியே பின்பற்ற முடியாது. கிரிவலப் பாதை ஒரே கையில் இருந்ததில்லை. ஊருக்குள் நகராட்சி, செங்கம் ரோட்டுப் பகுதி நெடுஞ்சாலை, அங்கிருந்து திரும்பி அடி அண்ணாமலை பக்கம் போனால் கிராமப் பஞ்சாயத்து எல்லைகள், ஓரத்தில் மலையடிவாரக் காடு வனத்துறைக்கு, நடுநடுவே லிங்கக் கோயில்கள். நகராட்சி 2024-ல் மாநகராட்சி ஆனதால் இந்த வேலி கொஞ்சம் நகரலாம்.

தலைப்பு மாறிய பணம் சில சமயம் நடப்பவனையே கடிக்கும் என்பதற்கும் இந்தப் பாதையே சாட்சி. 2016 வாக்கில் பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. பக்தர்கள் வசதிக்காக என்று சொல்லித்தான். செய்தது சாலைத் துறை, சாலைத் துறைக்குத் தெரிந்தது அகலம். ஓரத்து மரங்களில் கோடாரி விழுந்தது. வெறுங்காலோடு நடப்பவனுக்கு முதல் வசதி நிழல்தானே என்று ஊரில் எதிர்ப்பு எழுந்து, விவகாரம் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், மரம் வெட்டுவது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தக் கதை தனி அத்தியாயம் கேட்கிறது. அடுத்த வாரம் அதற்குத்தான்.

இத்தனை கணக்கிலும் சேராத ஒன்று பாக்கி. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளில் காரை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறது. இப்போது நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். உலகத்து நகர வல்லுநர்கள் எல்லாம் போய்ப் பார்த்து வருகிறார்கள். இங்கே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போலீஸ் பாதையின் முனைகளில் இரும்புத் தடுப்பைப் போட்டு, பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்துகிறது. பதினான்கு கிலோமீட்டரும் நடப்பவன் கைக்கு வருகிறது. அந்த இரவுக்குப் புது சிமென்ட் இல்லை, டெண்டர் இல்லை. தடுப்புகள் ஏற்கெனவே ஸ்டேஷனில் இருப்பவை. பந்தோபஸ்துச் செலவு இருக்கிறது, அது காவல்துறைத் தலைப்பில் போகும். மாதத்தில் மற்ற நாட்களில் விடியற்காலை இரண்டு மணி நேரம் இதையே செய்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். பாதையோரம் குடியிருக்கிறவர் பால் வண்டியை யோசிக்கிறார், ஆட்டோக்காரர் சவாரியை யோசிக்கிறார். இரண்டும் நியாயமான யோசனைதான்.

பௌர்ணமி கழிந்த மறுநாள் காலை ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு காவலர்கள் தடுப்பை ஓரமாக இழுத்து வைத்தார்கள். முதலில் ஒரு வேன், பின்னாலேயே ஒரு டவுன் பஸ். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை ஹாரன் சத்தத்துக்குச் சைக்கிளிலிருந்து இறங்கி மண்ணில் ஒதுங்கி நின்றாள். வண்டியின் முன்பக்கம் ஒரு சின்ன முத்திரை மின்னியது. வில்லையோ என்று ஒரு நொடி தோன்றியது. தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை.

(தொடரும்)